காமிரா காட்டிக் கொடுத்தது!

போகிக்குப் பழையதைக் கழிப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் பாதிதான் நடக்கும். கழிக்க எடுத்த சாமான்களில் பாதி, "இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்று மறுபடியும் அலமாரிக்கே போய்விடும். 2025 ஜனவரியில் அப்படி வெளியே வந்தது எங்கள் சின்ன டிஜிட்டல் காமிரா. 2008-இல் என் மகளின் முதல் பிறந்த நாளுக்காக இவர் வாங்கி வந்தது. வாங்கிய புதிதில் அதை நான் தொடவே பயப்படுவேன். செல்போனிலேயே காமிரா வந்ததும் பட்டுப் புடவைகளுக்கு அடியில் உறையோடு படுத்துத் தூங்கப் போய்விட்டது.

"காயலான் கடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டதுதான் தாமதம், மகள் பாய்ந்து வந்து பிடுங்கிக் கொண்டாள்.

"அம்மா! இதுக்கு எங்க காலேஜ்ல என்ன மவுசு தெரியுமா? ஆளாளுக்கு அவங்க வீட்டுப் பரண்ல தேடிக்கிட்டு இருக்காங்க!"

வேடிக்கைதான், போங்கள். ஜப்பானியக் காமிராக் கம்பெனிகளின் சங்கக் கணக்குப்படி 2010-இல் சுமார் 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் கடைகளுக்குப் போயின. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எல்லாம் செல்போன் செய்த வேலை. யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியதை இப்போது இந்தப் பிள்ளைகள் தேடி எடுக்கிறார்கள். நாம் கழற்றி வைத்த பழைய ஜிமிக்கியைப் பேத்தி கேட்பது போலத்தான்.

இந்தப் பகுதியில் மிக்ஸி, குக்கர், இன்வர்ட்டர் என்று எழுதிக் கொண்டிருந்தவளுக்குக் காமிராவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. கடைசி வரை படித்தால் தெரியும். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

முதலில் காமிராவைச் சொல்லிவிடுகிறேன். (கம்பெனி பெயர் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், வேண்டாம்.) உள்ளங்கையில் அடங்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்தப் பென்சில் செல் இரண்டு போட்டால் ஓடும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். வேறு சில காமிராக்களுக்குத் தனியாக ஒரு தட்டை பேட்டரி உண்டு. பத்து வருஷம் கழித்து அது உப்பிப் போனால் அந்த மாடலுக்கு மாற்று தேடி அலைய வேண்டும். பென்சில் செல் தெருக்கோடி மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் மலிவான செல்லைப் போட்டால் பத்துப் படத்துக்குள் மூச்சு வாங்கும். சார்ஜ் ஏற்றும் செல் நான்கு வாங்கி இரண்டிரண்டாக மாற்றிப் போடுவதுதான் கட்டுபடியாகும். அலமாரியில் வைக்கும் முன் செல்லைக் கழற்றி வைத்தேனோ பிழைத்தேனோ! டார்ச் லைட்டுக்குள் செல் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? காமிராவுக்கும் அதே கதிதான் ஆகியிருக்கும்.

எட்டு மெகாபிக்சல். அதாவது ஒரு படம் 80 லட்சம் புள்ளிகளால் ஆனது. 1975-இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற எஞ்சினீயர் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் வெறும் 10,000 புள்ளிகள்தானாம். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி! அதை நினைத்தால் நம்முடையது எவ்வளவோ தேவலை. இன்றைய செல்போனில் 50, 100 என்று சொல்கிறார்களே, எட்டு போதுமா என்று கேட்டால், ஆல்பத்தில் ஒட்டுகிற நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 20 லட்சம் புள்ளி சொச்சமே தாராளம். எட்டு மெகாபிக்சலில் ஏறக்குறைய ஏ4 காகித அளவுக்குப் பிசிறில்லாமல் பிரிண்ட் போடலாம். சுவர் முழுக்கப் படம் மாட்டப் போகிறோமா என்ன?

ஜூம் நான்கு மடங்கு. லென்ஸ் நிஜமாகவே வெளியே நீண்டு வந்து பக்கத்தில் இழுத்துக் காட்டும். மலிவான செல்போனில் இரண்டு விரலை வைத்து விரிக்கிறோமே, அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். கோலத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கிற மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். (விலை கூடிய போன்களில் இப்போது தனி ஜூம் லென்ஸ் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.) பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையில் நம் பிள்ளை முகத்தைப் பிடிப்பதற்கு இந்த நான்கு மடங்கே நன்றாக உதவியது. கை நடுக்கத்தைச் சமாளிக்கவும் உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் அது நம் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும். ஓடுகிற குழந்தையை நிறுத்தி வைக்காது.

குறை என்றால் வெளிச்சம் போதாத இடம். உள்ளே ஒளியை வாங்கிக் கொள்கிற சில்லு கால் அங்குல நீளம்கூட இருக்காது. சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் எடுத்தால் ரவையைத் தூவின மாதிரி படம் முழுக்கச் சொரசொரப்பு. இந்த இடத்தில் செல்போனை அடிக்க முடியாது. அது ஒரே நொடியில் பல படம் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இருட்டையே பகலாக்கிவிடுகிறது.

ஆகையால் சின்னக் காமிராவுக்கு ராத்திரியில் பிளாஷ்தான் துணை. அந்த பிளாஷ் செல்போனில் இருக்கிற சிறு விளக்கு மாதிரி இல்லை. வாயு அடைத்த சின்னக் குழாய்; ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மின்னல் மாதிரி அடித்து ஓய்ந்துவிடும். அந்த நொடியில் குழந்தை கையை ஆட்டினாலும் தலையைத் திருப்பினாலும் படம் கலங்காது. பிறகு அடுத்த மின்னலுக்கு அது தயாராகச் சில விநாடி பிடிக்கும். அதற்குள் குழந்தை சிரிப்பை நிறுத்திவிடும் என்பது வேறு விஷயம்!

இந்த பிளாஷுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. படத்தில் எல்லாருடைய கண்ணும் சிவப்பாக, பேய் மாதிரி விழும். பிலிம் ரோல் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த தொல்லைதான். சின்னக் காமிராவில் பிளாஷும் லென்ஸும் ஒட்டி ஒட்டி இருப்பதால் வருகிற வினை இது. மங்கிய அறையில் கண்ணின் பாப்பா நன்றாக விரிந்திருக்கும். பிளாஷ் வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போய், பின்சுவரிலுள்ள ரத்த ஓட்டத்தின் சிவப்போடு போன வழியே திரும்பி, நேராக லென்ஸுக்குள் வந்துவிடுகிறது. கல்யாண போட்டோக்காரர் வைத்திருக்கிற பெரிய காமிராவில் பிளாஷ் லென்ஸைவிட்டு உயரமாக இருப்பதால் அவ்வளவாக வராது. இந்தச் சிவப்பைப் போக்க எல்லாக் கம்பெனிக்காரர்களும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கும் முன் ஒரு சிறு விளக்கை எரியவிட்டுப் பாப்பாவைச் சுருங்க வைப்பது ஒன்று. எடுத்த பிறகு கண்ணைத் தானாகவே கறுப்பாக்கிவிடுவது இன்னொன்று. செல்போன்கள் பலவும் நம்மைக் கேட்காமலே இதைச் செய்துவிடுகின்றன.

நல்ல வேளை, என் காமிராவில் அந்த வசதியை நான் முடுக்கி வைத்திருக்கவில்லை.

பிப்ரவரியில் கொழுந்தனார் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. ஒன்பதாம் மாதம், தலைச்சன் பிள்ளை. குலதெய்வம் கோயிலில் முடி இறக்கி, மாமா மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, எல்லாம் நன்றாக நடந்தது. வீடு திரும்பி விளக்கேற்றும் நேரம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை ஊஞ்சலில் உட்கார்ந்து சிரித்தது. மகள் காமிராவைக் கொடுத்து, "நீயே எடும்மா, உனக்குத்தான் இது பழக்கம்" என்றாள்.

"பச்சப் புள்ள கண்ணுல மின்னல் அடிக்காதம்மா" என்றார்கள் அத்தை.

நான்கைந்து படம் எடுத்தேன். (பின்னால் டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். சாதாரணக் காமிரா பிளாஷ் தள்ளி இருந்து அடித்தால் குழந்தை கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்றார். முகத்துக்கு நேரே ஒட்டிப் பிடிப்பது வேண்டாம், அவ்வளவுதான்.)

ராத்திரி சாப்பாடு முடிந்து, படங்களை லேப்டாப்பில் போட்டு எல்லோரும் பார்த்தோம். ஓரகத்திதான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, ஒரு கண்ணு சிவப்பா இருக்கு. இந்தக் கண்ணு மட்டும் ஏன்க்கா வெள்ளையா இருக்கு?"

இடது கண். பூனைக் கண் இருட்டில் பளிச்சென்று தெரியுமே, அப்படி ஒரு வெண்மை. ஐந்து படத்தில் மூன்றில் இருந்தது. "பழைய காமிரா, அப்படித்தான் இருக்கும்" என்றார் கொழுந்தனார். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அதே படத்தில் குழந்தைக்குப் பின்னால் நின்ற அத்தையின் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவப்பாக விழுந்திருந்தன. காமிரா கெட்டிருந்தால் ஒரு ஆளின் ஒரு கண்ணில் மட்டுமா கெடும்?

மறுநாள் ஆல்பம் போடக் கொடுத்த இடத்தில் கடைப் பையன் படத்தைப் பார்த்துவிட்டு, "ரிஃப்ளெக்ஷன்தான்மா, கருப்பு பண்ணிக் குடுத்துடறேன்" என்றான். கண் மூடித் திறப்பதற்குள் மௌஸைத் தட்டிக் கறுப்பாக்கியும் விட்டான். படம் அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. "பழையபடி வெள்ளையாவே பண்ணிக் குடுப்பா" என்று வாங்கிக் கொண்டு வந்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அன்று சாயங்காலமே திருச்சியில் கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்த பிறகு கருவியால் பார்த்தார். காமிராவையும் வாங்கிப் படங்களைப் பார்த்தார். "இது என்னைக்கு எடுத்தது?" என்று கேட்டார். படத்தின் ஓரத்தில் இருந்த தேதி 1.1.2008! குழந்தை பிறக்கவே பதினாறு வருஷம் இருக்கிறது. செல்லில்லாமல் கிடந்த காமிராவுக்குத் தேதி மறந்து போயிருந்தது. நாங்களும் சரி செய்யவில்லை. அந்த வேதனையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் அவர் ஏன் கேட்டார் என்று விளங்கியது. இந்த வெண்மை எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் வைத்தியத்துக்கு உதவுமாம். ஓரகத்தி தன் செல்போனிலிருந்த ஆயிரக்கணக்கான படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. எல்லாம் பிளாஷ் இல்லாமல் எடுத்தவை.

மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஏனென்றால் இப்படி வெள்ளை தெரிவதற்குக் காரணம் பல. அதில் மிகவும் பயப்பட வேண்டியது கண்ணின் உள்ளே வருகிற ஒரு வகைப் புற்றுநோய். ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். பிறக்கிற 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலான குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிவிடலாம், பல சமயம் கண்ணையும். தாமதமானால் கண்ணையே எடுக்க வேண்டி வரும். அதற்கும் மேல் போனால் உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்து ரசாயனப் பேராசிரியர் பிரையன் ஷா என்பவரின் மகனுக்கு நாலாம் மாதத்தில் இந்த நோய் தெரிந்தது. அவர் வீட்டுப் படங்களை எல்லாம் எடுத்துத் தேதிவாரியாகப் பார்த்தபோது, குழந்தை பிறந்த 12-ஆம் நாள் படத்திலேயே வெண்மை இருந்ததாம். 2013-இல் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். அப்புறம் படங்களில் இந்த வெண்மையைத் தேடிப் பார்க்கச் செல்போனில் ஒரு செயலியும் செய்தார்கள். படித்தபோது அந்தத் தாயைத்தான் நினைத்துக் கொண்டேன்.

எங்கள் குழந்தைக்கு அது இல்லை. கண்புரை. பிறவியிலேயே லென்ஸின் பின்பக்கம் படிந்திருந்த புரை. கிழவர்களுக்கு வருவது குழந்தைக்கு வருமா என்று அத்தை இன்றைக்கும் கேட்கிறார்கள். வரும். அதிலும் ஒரு கண்ணில் மட்டும் வந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்னொரு கண்ணால் குழந்தை எல்லாம் பார்க்கும், பிடிக்கும், சிரிக்கும். கெட்ட கண்ணுக்கு மட்டும் மூளை பார்க்கவே கற்றுக் கொடுக்காது. நாள் ஆக ஆக அந்தப் பாடம் கஷ்டமாகிறது. மார்ச் மாதம் ஆபரேஷன் ஆயிற்று. முழுப் பார்வை வரும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. சில மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு ஆறவில்லை. குழந்தையின் பெயர் சூட்டலுக்கே காமிராவை எடுத்திருக்கலாம்.

சரி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். காமிராவோ போனோ, எதுவானாலும் சிவப்புக் கண்ணைத் திருத்துகிற வசதியை நிறுத்தி வையுங்கள். வெளிச்சம் குறைந்த அறையில், ஆறேழு அடி தள்ளி, குழந்தை நேராகப் பார்க்கும்போது பிளாஷ் போட்டு நாலைந்து படம் எடுங்கள். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவந்திருந்தால் அந்தச் சிவப்பைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். ஒரு கண் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தாலும், ஒன்று சிவந்து மற்றது இருண்டே இருந்தாலும், கண் டாக்டரிடம் காட்டுங்கள். உடனே அழ வேண்டாம். குழந்தை சற்று ஓரமாகப் பார்க்கும்போது வெளிச்சம் பார்வை நரம்பின் தலையில் பட்டுத் திரும்பினால் நல்ல கண்ணிலும் வெள்ளை தெரியும். மாறுகண் இருந்தாலும், ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் அதிகம் இருந்தாலும் இரண்டு கண்ணும் வித்தியாசமாக விழும். எது என்று சொல்லத்தான் டாக்டர் இருக்கிறார்.

அதே சமயம், படம் நன்றாக விழுந்ததால் கண்ணும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. காமிரா செய்வது பரிசோதனை அல்ல. பிறந்த குழந்தையின் கண்ணில் கருவியால் வெளிச்சம் அடித்து இதே சிவப்பைப் பார்க்கிற பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. பிரசவ ஆஸ்பத்திரியிலும் தடுப்பூசிக்குப் போகும்போதும், "கண்ணைப் பாத்தீங்களா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசுத் திட்டத்திலும் பிறவிக் கண்புரை சேர்ந்திருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் குழந்தைக் கண் வைத்தியத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

சந்தேகப்பட்ட படத்தை வாட்ஸ்-அப்பில் அனுப்பினால் சுருங்கிப் போய்விடும். காமிராவையோ கார்டையோ அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள். தப்பித் தவறிப் படத்தை அழித்துவிட்டால், அதே கார்டில் வேறு படம் எடுக்காமல் நிறுத்துங்கள். அழித்த படம் உள்ளேயேதான் இருக்கும். அதன் மேல் வேறொன்று ஏறாதவரை தெரிந்தவர்கள் மீட்டுக் கொடுப்பார்கள். செல் மாற்றினால் முதல் வேலையாகத் தேதியைப் பாருங்கள்.

எங்கள் பிள்ளை இப்போது வார் வைத்த குட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறான். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுத் துணியால் மூடி வைக்க வேண்டும், இடது கண்ணுக்கு வேலை கொடுப்பதற்காக. ஒட்டிய அடுத்த நிமிஷம் பிய்த்து எறிகிறான். ஓரகத்தி அதன் மேல் யானை, கிளி என்று வரைந்து ஒட்டிப் பார்க்கிறாள். யானை என்றால் கொஞ்ச நேரம் இருக்கிறது. மாதம் ஒரு தடவை நான் போய் அதே ஊஞ்சலில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்து வருகிறேன். காமிராவை மகளிடம் கொடுக்கவில்லை. காலேஜுக்கு வேண்டுமானால் வேறு வாங்கிக் கொள்ளட்டும்.